பட்டை இலைக்கன் பார்க்க யூவி டோர்ச் பொதி: எது உதவும், எது உதவாது

மரப்பட்டையில் ஒட்டி வளரும் இலைக்கனை (லைக்கன்: பூஞ்சணமும் அல்காவும் சேர்ந்து வாழும் உயிரி) இனங்காண இணையத்தில் விற்கும் இந்தப் பொதியில் மூன்று சாமான்கள்: 10 மடங்கு கைவில்லை, 365 நானோமீற்றர் யூவி (புற ஊதா) டோர்ச், ஒரு வெற்றுச் சொட்டுப் போத்தல். கொடுத்த காசுக்குப் பெறுமதி டோர்ச்தான்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தென்னை மரத்தில் சாம்பல் வட்டமாக ஒட்டியிருக்கும் இலைக்கனைப் பகலில் பார்த்துப் பெயர் சொல்வது வில்லங்கம். வெப்பமண்டலத்தில் பரவலான இலைக்கன் இனங்களான பிக்சீன் கோகோயஸுக்கும் டிரினேரியா அப்ளனேட்டாவுக்கும் மேற்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு. இரண்டிலும் மாவைப் போலத் தூள் உதிரும். இருட்டில் டோர்ச் அடித்தால் பிக்சீன் பளிச்சென்று மஞ்சளாக ஒளிரும். மேற்தோலில் உள்ள லிகெக்சாந்தோன் என்ற வேதிப்பொருள்தான் காரணம். டிரினேரியாவில் அந்த மஞ்சள் வராது.

மஞ்சள் வந்துவிட்டதென்று உடனே கோகோயஸ் என எழுதிவிடாதீர்கள். பிக்சீன் சப்சினேரியாவும் அப்படித்தான் ஒளிரும். பிளேட் நுனியால் மேற்தோலைச் சுரண்டி உள்ளே பாருங்கள்: கோகோயஸில் வெள்ளை அல்லது வெளிறிய வைக்கோல் நிறம், சப்சினேரியாவில் தெளிவான மஞ்சள்.

வாங்கும்போது 395 நானோமீற்றர் டோர்ச்சைத் தலையில் கட்டிவிடுவார்கள், மலிவு. ஆனால் அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். 365 ஆக இருந்தாலும் முகப்பில் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி வேண்டும். இந்தப் பொதியில் இருக்கிறது. பகலென்றால் தலையோடு சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பார்க்கலாம். கண்ணுக்கு நேரே மட்டும் அடிக்கக் கூடாது.

கைவில்லை பரவாயில்லை ரகம். 10 மடங்கு என்றால் பொருள் வில்லையிலிருந்து ஏறத்தாழ 25 மில்லிமீற்றரில் இருக்க வேண்டும். பலர் கையை நீட்டிப் பிடித்துவிட்டு மங்கல் என்று குறை சொல்வார்கள். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மரத்தை நோக்கித் தலையைக் கொண்டுபோக வேண்டும். மடலின் (இலைக்கனின் இலை போன்ற பிரிவின்) ஓரத்தை மெல்லத் தூக்கினால் பிக்சீனின் அடியில் வேர் போன்ற கறுத்த இழைகள் தெரியும். டிரினேரியாவில் இழையே கிடையாது. மடல்கள் ஒன்றோடொன்று இணைந்து பட்டையோடு அப்பியிருக்கும், விரலால் கிளப்பவும் முடியாது. வாடைக்காற்று மழைக்காலத்தில் நனைந்த இலைக்கன் பச்சையாகத் தெரியும். காய்ந்த பிறகே நிறம் பாருங்கள்.

சொட்டுப் போத்தல் நிறமாற்றச் சோதனைக்கு. அதற்கு 10 சதவீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை நீங்களே கலக்க வேண்டும்: 10 கிராம் காரத்தைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்குங்கள். காரத்தைத் தண்ணீரில் போட வேண்டும், மறுவளமாக அல்ல, கொதிக்கும். கையுறை அவசியம். டிரினேரியாவின் மேற்தோல் இதற்கு மஞ்சளாகும், கோகோயஸ் மாறாது. ஆனால் பிஸ்சியா என்ற வேறு இலைக்கன் இனங்களும் மஞ்சளாகும். அவற்றின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெளிறியது, இழையும் உண்டு. பொதியின் பெரிய குறை இந்தப் போத்தல்தான்: ஒரு சொட்டு மடலையே மூழ்கடிக்கிறது. பல்லுக்குத்தியின் நுனியில் தொட்டு வையுங்கள். மூடியைத் திறந்து விட்டால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் கரைசல் வலுவிழக்கும்.

திருகோணமலைக் கோட்டைக்குள் நிற்கும் மரங்களில் சுரண்டவும் வேண்டாம், சொட்டு விடவும் வேண்டாம். விழுந்த கிளையே போதும்.

இன்னொரு சோதனைத் திரவமான பிளீச் (வெளுக்கும் திரவம்) பொதியில் இல்லை, பிக்சீன், டிரினேரியா இரண்டுக்கும் அது தேவையுமில்லை. அகன்ற மடலுள்ள பார்மோட்ரீமா டிங்டோரம் என்ற இலைக்கனுக்குத்தான் அது வேண்டும்: மேற்தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியில் தொட்டால் சிவக்கும். திருகோணமலை வெயிலில் பிளீச் வெகு விரைவில் செத்துவிடும், புதுப் போத்தலாக வாங்குங்கள்.