பாலைவனத்துக்குப் போர் ஏன் வந்தது: சூயஸா, முசோலினியா?

இரண்டாம் உலகப்போர் வட ஆப்பிரிக்க மணலுக்குப் பரவியதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று எகிப்தின் சூயஸ் கால்வாய். இன்னொன்று இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் பேராசை.

சூயஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தியாவுக்கான குறுக்குவழியும் ஈராக், ஈரான் எண்ணெயும் பிரிட்டனுக்கு உயிர்நாடி. 1940 ஆகஸ்டில், ஜெர்மனி எந்த நேரமும் கடல் தாண்டி வரலாம் என்ற நிலையிலும், லண்டன் எகிப்துக்கு டாங்கிகளை அனுப்பியது. ஆனால் எகிப்தில் 1936 ஒப்பந்தப்படி பிரிட்டன் ஏற்கெனவே இருந்தது. இருப்பதைக் காக்க நின்றதே தவிர, போரைத் தொடங்கவில்லை.

தொடங்கியவர் முசோலினி. பிரான்ஸ் விழப்போகிறது என்று தெரிந்ததும், 1940 ஜூன் 10 அன்று போரில் குதித்தார். வெற்றியில் பங்கு கேட்க வேண்டுமானால் களத்தில் நின்றிருக்க வேண்டுமே! இத்தாலியத் தளபதி கிராசியானி, இத்தாலியின் பிடியில் இருந்த லிபியாவிலிருந்து தயங்கித் தயங்கி செப்டம்பர் 13 அன்று எகிப்து எல்லை தாண்டினார். லாரியும் தண்ணீரும் போதவில்லை. எகிப்துக்குள் சிதி பர்ரானி என்ற ஊரிலேயே நின்றுவிட்டார். டிசம்பர் 9 அன்று பிரிட்டிஷ், இந்தியப் படைகள் பாய்ந்தன. 1941 பிப்ரவரிக்குள் இத்தாலியத் தரப்பில் சுமார் 1,30,000 பேர் கைதிகள். பாவம், பெரும்பாலானோர் அந்தப் போரைக் கேட்டவர்களே இல்லை.

அப்புறம்தான் ஜெர்மன் தளபதி ரோமெல் லிபியாவின் திரிபோலியில் இறங்கினார். அவரை ஹிட்லர் அனுப்பியது முதலில் கால்வாயைப் பிடிக்க அல்ல, லிபியாவைக் காப்பாற்ற. லிபிய எண்ணெய்க்காக என்பது தவறு. அது பெரிய அளவில் கண்டறியப்பட்டது 1959இல்.

என் கணக்கில் போரைக் கொண்டுவந்தது முசோலினி. 1943 மே வரை நீடிக்க வைத்ததில்தான் சூயஸுக்குப் பெரும்பங்கு.