சொட்டு நீலம் கூடிப்போன உறைபனி

போன வாரம் நண்பன் ஒருவன் போனில், "மாப்ளே, ஜனவரியில ஊட்டி போறோம். கேமராவுக்கு எந்த கலர் ரோல் வாங்கட்டும்?" என்றான். யோசிக்காமல் "கோல்டு 200 வாங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறுத்தியது. ஐந்து வருடமாக நீலகிரிக்கு நான் கொண்டுபோவது எக்டார் 100 என்ற வேறொரு கலர் பிலிம். அதைத் திட்டாமல் மலையிறங்கிய பயணம் ஒன்றுகூட இல்லை. அப்படியும் ஃப்ரிட்ஜ் கதவில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், இப்போதும் மூன்று எக்டார் இருக்கிறது.

திட்டுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. நீலம்.

முதல் ரோலை ஒரு ஜனவரி காலையில் தலைகுந்தாவில் ஓட்டினேன். புல்வெளி முழுக்க உறைபனி. வெயில் இன்னும் மேட்டைத் தாண்டவில்லை. ஒவ்வொரு புல் நுனியிலும் உப்புத் தூவியது போல வெள்ளை. விரல் மரத்துப்போய் ஷட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்படி எடுத்த பன்னிரண்டு படமும், சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி வந்து நின்றன. ஒரு கிளிக்குக்கு இரண்டு டீ, இரண்டு வடை காசு ஆகிறது. பன்னிரண்டு கிளிக் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் பிலிமின் குற்றம் கொஞ்சம்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. பகல் வெளிச்சத்துக்கான கலர் பிலிம் எல்லாம் சுமார் 5500 கெல்வினுக்கு, அதாவது நடுப்பகல் வெயிலின் நிறத்துக்குச் செய்தவை. வெயில் படாத நிழலில் விழுவது தெளிந்த வானத்தின் வெளிச்சம் மட்டும். அது நீலம்தான். நம் கண் அதைச் சரிசெய்து வெள்ளை என்று சொல்லிவிடும், பிலிம் சொல்லாது. அதோடு வெள்ளைப் பனியைப் பார்த்தால் கேமரா மீட்டர் அதை நடுச் சாம்பலாக எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மேகமூட்டத்திலும் இதே கதைதான். எக்டாருக்கு வெளிச்சம் குறைந்தால் இருண்ட பகுதியெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கலங்கிவிடும். இதே தப்பைக் கோல்டிலோ போர்ட்ரா 400 என்ற பிலிமிலோ செய்தால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எக்டாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

அப்புறம் கேமராவின் ஐஎஸ்ஓ டயலை 100-க்குப் பதில் 64-ல் வைத்து, பிலிமுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்துப் பழகினேன். பனி, மூடுபனி என்றால் அதற்கு மேலும் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சமாகக் கூட்டுவேன். நிழலுக்கு 81ஏ ஃபில்டர், லேசான தேயிலைச் சாய நிறத்தில் இருக்குமே, அது. நீலம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி?

மீதி லேபில் இருந்தது. ரோல் கழுவும் இடத்தில் ஸ்கேனரை ஆட்டோவில் விட்டுவிடுகிறார்கள். நெகட்டிவில் நிறம் என்பது முக்கால்வாசி ஸ்கேன் செய்பவர் கையில்தான். நான் புலம்பியபோது அங்கிருந்த தம்பி, "சார், பனின்னா நீலமாத்தானே இருக்கும்?" என்றார். அவரிடம் என்னத்தைச் சொல்ல! வீட்டில் லைட் பேனல் மேல் அதே நெகட்டிவை வைத்து, மேக்ரோ லென்ஸில் நானே படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். புல் நுனியில் வெள்ளை இருந்தது. இரண்டு வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. இப்போது ரோல் கொடுக்கும்போதே "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கிறேன். சில முறை படிக்கிறார்கள்.

நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகவே நிஜ நிறத்தில் படம் விழும் ஸ்லைடு பிலிமும் ஒரு தடவை பார்த்தாயிற்று. அவலாஞ்சியில் வெல்வியா 50. வானம் அற்புதம், சோலைக்காடு முழுக்கக் கரி. ஸ்லைடுக்கு வெளிச்ச வரம்பு அவ்வளவு குறுகல், அரை ஸ்டாப் பிசகினால் போச்சு. ஸ்லைடைக் கழுவும் இ-6 முறைக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பொறுமையும் எனக்கு இல்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் எக்டார்? கேத்தி பாலாடாவுக்காக. அறுத்த கேரட்டை அங்கே குவித்து மெஷினில் கழுவுவார்கள். செம்மண் தண்ணீர் வழிந்தோட, ஈரக் கேரட் ஆரஞ்சு நிறத்தில் சரிந்து விழும். பின்னால் படிப்படியாகத் தோட்டம், அதற்கு மேலே ரோஸ், நீலம், பச்சை என்று பெட்டி பெட்டியாக வீடுகள். பத்து மணி வெயிலில் எடுத்த அந்த ஒரு படத்தில், மண்ணின் சிவப்பும் கேரட்டின் ஆரஞ்சும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக நின்றன. குன்னூர்ப் பக்கத் தேயிலையும் அப்படித்தான். கொழுந்தின் பச்சை ஒன்று, முற்றிய இலையின் பச்சை ஒன்று, நடுவே நிற்கும் சில்வர் ஓக்கின் வெளிறிய பச்சை வேறு. கோல்டில் இவை எல்லாமே கொஞ்சம் மஞ்சள் பூசிக்கொள்ளும். பெரிதாக்கினால் பிலிமின் குருணையும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஆளை மட்டும் எக்டாரில் எடுக்காதீர்கள். குளிரில் ஏற்கெனவே சிவந்த கன்னம் இன்னும் சிவந்துவிடும். தொட்டபெட்டாவில் எடுத்ததைப் பார்த்துவிட்டு மனைவி, "ஏங்க, நான் என்ன தக்காளியா?" என்றாள். அதிலிருந்து அவளுக்கு மட்டும் செல்போன்.

இன்னொன்று, ரோலை ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். தலைகுந்தா போகிற வழியில் எச்.பி.எஃப். என்றொரு பஸ் ஸ்டாப் வரும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960-ல் தொடங்கிய நிறுவனத்தின் ஆலை. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்த இடம். இன்று மூடிக் கிடக்கிறது. பிலிம் செய்த ஊருக்கு நாம் பிலிம் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இதையெல்லாம் சொல்லத்தான் நண்பனுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் அதற்குள் கோல்டு வாங்கிவிட்டான். நல்லதுதான். குடும்பத்தோடு போகிறான், குழந்தைகளை எடுப்பான், மூடுபனியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். அவனுக்கு எக்டார் வேண்டவே வேண்டாம். உண்மையைச் சொன்னால் யாருக்குமே நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"நானும் வர்றேன்டா" என்று சொல்லியிருக்கிறேன். ஃப்ரிட்ஜில் இருக்கிற மூன்றும் போதும் என்று நினைக்கிறேன். 81ஏ ஃபில்டரைத்தான் நேற்றிலிருந்து காணோம்.