பைண்டர் தாத்தா: ஒரு துணைப் பாத்திரத்தை நெடுநாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வில்லனுக்குத்தான் மெனக்கெடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு கிழவரைப் பற்றி. வாள் கிடையாது, மந்திரம் கிடையாது, ராஜவம்ச ரகசியம் எதுவும் கிடையாது. துறைமுகப் பட்டினத்தின் சந்துக்குள் கடை போட்டிருக்கும் புத்தக பைண்டர். எங்கள் பெங்களூரு அல்சூர் கோஷ்டியின் கேம்பெய்னில், அதாவது தொடர்கதையாக நடக்கும் ஆட்டத்தில், பல வருஷமாக இருக்கிறார். டிராகன்களும் பிரபுக்களும் வந்து போய்விட்டார்கள், இவர் மட்டும் யாருக்கும் அலுக்கவில்லை. காரணம், ஆட்டக்காரர்களுக்கு இவரிடம் திரும்பத் திரும்ப வேலை இருக்கிறது.

நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில். அதில் விஸார்டுக்கு (படித்து மந்திரம் போடும் பாத்திரத்துக்கு) மந்திரப் புத்தகம்தான் எல்லாம். வெற்றுப் புத்தகம் 100 பக்கம், 50 பொன். புது மந்திரம் ஏற்ற, அந்த மந்திரத்தின் ஒவ்வொரு லெவலுக்கும் (வலிமைப் படிக்கும்) 2 மணி நேரமும் 50 பொன்னும் ஆகும். தன் புத்தகத்தையே நகல் எடுத்தால் லெவலுக்கு 1 மணி நேரம், 10 பொன். எங்கள் விஸார்ட் என் அத்தை மகள். ஆற்றில் விழுந்து புத்தகம் ஊறிய பிறகுதான் நகலுக்குக் கணக்குப் போட்டாள். ஐந்தாம் லெவல் விஸார்டுக்கு லெவல் ஏறி வந்தவை மட்டுமே 14 மந்திரங்கள். அவளுடையவற்றின் லெவல்களைக் கூட்டினால் 22 வந்தது. அப்படியானால் 220 பொன், 22 மணி நேரம், வெற்றுப் புத்தகத்துக்குத் தனியாக 50. அன்றிலிருந்து பைண்டர் கடை வாசல் தேய ஆரம்பித்தது.

“மெண்டிங் கேன்ட்ரிப் இருக்கே, பைண்டர் எதுக்கு?” என்று கிளெரிக்காக (பூசாரிப் பாத்திரம்) ஆடுபவன் கேட்டான். நியாயமான கேள்வி. மெண்டிங் என்பது உடைந்ததை ஒட்டும் சின்ன மந்திரம், ஒரு தடவைக்கு ஒரு கிழிசலைத்தான் சரிசெய்யும், அதுவும் ஓர் அடிக்குள் இருந்தால். ஊறியதை உலர்த்தாது, தொலைந்த தாளை வரவழைக்காது. தாத்தா இதையே தன் பாணியில் சொன்னார்: “ஒட்டிட்டுப் போ கண்ணு, யார் வேணாம்னா? நாளைக்கு சும்னே திறந்து பாரு, பக்கம் பக்கமா கையோட வரும்.” அவருக்கு நான் கொடுத்திருப்பது சிவாஜிநகர், அல்சூர் பக்கத்துப் பெரியவர்கள் பேசும், கன்னடம் கலந்த தமிழ் (‘சும்னே’ என்றால் சும்மா). மேஜையில் இருக்கும் எல்லோரும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் அவர் வாயைத் திறந்ததுமே நம்பிவிட்டார்கள்.

இவரை ஓட்டுவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே. யார் கடைக்குள் நுழைந்தாலும் தாத்தா வேலையின் ஏதோ ஒரு கட்டத்தில் இருப்பார், சும்மா நிற்கவே மாட்டார். இதற்காக அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பேரேடு பைண்டிங் செய்யும் பெரியவரின் வேலையை நின்று பார்த்தேன். ஃபாரங்களை (மடித்த தாள் கட்டுகளை) தட்டிச் சேர்த்தார், முதுகுப்புறம் ரம்பத்தால் லேசாகக் கீறினார், மெழுகு தேய்த்த நூலால் தைத்தார். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்திருந்தார். பசை தடவும்போது சுண்டுவிரலை மட்டும் தூக்கியே வைத்திருந்தார். பசை படாத அந்த விரலால்தான் அடுத்த தாளைத் தள்ளினார். அந்தச் சுண்டுவிரலை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். மேஜையில் நான் சுண்டுவிரலைத் தூக்கினாலே தாத்தா பேசப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும், தனியாகக் குரலை மாற்றவே வேண்டாம்.

ஊறிய புத்தகத்தையும் இப்படித்தான் முடித்தோம். ஒரு வருகையில் கட்டைப் பிரித்திருந்தார், இன்னொன்றில் தாளை இழுத்துக் கட்டி உலர்த்திக்கொண்டிருந்தார், பிறகு தையல், பிறகு பலகை அட்டை, கடைசியில் கொக்கி. கொக்கி அழகுக்காக அல்ல. தோல்தாள் ஈரக் காற்றில் நெளியும், இறுக்கி மூடாவிட்டால் அட்டையையே தூக்கிவிடும். பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் புத்தகங்களில் கொக்கி இருப்பது இதனால்தான். காலம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை, புத்தகமே காட்டிவிடும்.

இவரிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கதை புத்தக முதுகுக்குள்ளிருந்து வந்தது. 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய பைண்டர்கள் வேண்டாத பழைய தோல் ஏடுகளை வெட்டி, புதுப் புத்தகங்களின் முதுகுக்குள் பட்டையாக ஒட்டினார்கள். அப்படித் தப்பிப் பிழைத்த துண்டுகளை ஆய்வாளர்கள் இன்றும் கண்டெடுக்கிறார்கள். நான் இதை எடுத்துக்கொண்டேன். கோயில் கணக்குப் புத்தகம் ஒன்றின் முதுகில் ஒரு பட்டை, அதில் சிறைப்பட்ட பிசாசின் பெயரில் பாதி. மீதிப் பாதி எங்கே? ரோக் (திருட்டுக் கை கொண்ட பாத்திரம்) அந்தப் புத்தகத்தைத் தாத்தாவிடம் கொண்டுவந்தான். தாத்தா எழுத்தைப் பார்க்கவில்லை, தையலைத்தான் பார்த்தார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “நான்தாம்ப்பா வெட்டினேன். பதினாலு வயசு எனக்கு. முதலாளி கத்தியைக் கையில குடுத்தாரு.”

அதன் பிறகு நான் தயார் செய்து வைத்திருந்த நிலவறைப் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை. தாத்தா சின்னப் பையனாகக் கட்டிய புத்தகங்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். எந்த வில்லனுக்கும் இவர்கள் இப்படிக் கிளம்பியதில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, எந்தக் கையெழுத்து கிடைத்தாலும் “தாத்தாகிட்ட காட்டலாம்” என்று வந்து நிற்பார்கள், துப்பறியும் வேலையே நின்றுபோகும். அதனால் அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது என்று வைத்திருக்கிறேன். தாள், தோல், நூல், மை இவைதான் தெரியும். கடுக்காய் மாதிரித் துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்ந்த மை நாளாக ஆகத் தாளையே அரித்துத் தின்னும். அந்த அரிப்பைத் தடவிப் பார்த்து ‘இது பழசு’ என்பார், என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆட்டக்காரர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்கிறது, தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

இரண்டாவது, உயிர். சாதாரண ஊர்க்காரர் கணக்கில் இவருக்கு 4 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), ஏசி (அடி படாமல் தடுக்கும் எண்) 10. ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் விழுந்தால் எட்டு ஆறுமுக டைஸின் கூட்டுத்தொகைதான் டேமேஜ். எட்டிலும் 1 விழுந்து, சேவில் (தப்பிக்க உருட்டும் டைஸில்) தப்பிப் பாதியாகக் குறைந்தாலும் டேமேஜ் 4, தாத்தா விழுந்துவிடுவார். கடை நிறையக் காகிதம் வேறு. இதைத் தெரிந்துகொண்ட ஆட்டக்காரர்கள் பக்கத்துக் கடையையே வாங்கிக் காவல் போட்டுவிட்டார்கள். அவரை ஆபத்தில் மாட்டிவிட்டால் எல்லோரும் துடித்துப் போகிறார்கள். அதனாலேயே அதை அடிக்கடி செய்யக் கூடாது.

சண்டை மட்டுமே பிடித்தவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். எங்கள் ஃபைட்டர் கடைக் காட்சி வந்தாலே போனை எடுத்துவிடுவான். வாளுறைத் தோலைத் தைக்கத் தாத்தாவிடம் கொடுத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஒரே நாளில் முடியும் ஆட்டத்துக்கும் வேண்டாம், இவர் பழகப் பழகத்தான் பிடிபடுவார்.

ஐந்தாம் பதிப்புக் கருவிப் பட்டியலில் பைண்டர் கருவிகள் என்று தனியாக இல்லை. தோல் வேலைக் கருவியிலும் எழுத்தர் கருவியிலும் தேர்ச்சி கொடுத்துவிடுங்கள், போதும். மற்ற எண்களைத் தொடவே வேண்டாம், அந்த 4 ஹிட் பாயிண்டையும் சேர்த்துத்தான்.