தி ஹசில்: ஆள் மாறியது, ஆட்டம் மாறவில்லை
டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் வார இறுதிக்குப் படம் தேடுபவர்களுக்கு: ‘தி ஹசில்’ (2019), மைக்கேல் கெயினும் ஸ்டீவ் மார்ட்டினும் மோசடிக்காரர்களாக நடித்த 1988 படத்தின் பெண் வடிவம். அதுவே 1964 படம் ஒன்றின் மறுஆக்கம்தான்! 1988 படத்தில் மார்ட்டின் ஏமாற்றுவதற்காகக் கால் செயலிழந்தவர்போலப் பாசாங்கு செய்வார்; மருத்துவர் வேடத்தில் வரும் கெயின் பிரம்பால் காலில் விளாசுவார். வலியை மென்று விழுங்கும் அந்த முகம்தான் நகைச்சுவை. புதியதில் மோசடிக்காரியான ரெபல் வில்சன் பார்வையற்றவராகப் பாசாங்கு செய்கிறார். முட்டி மோதுவதிலேயே காலம் போகிறது. அடக்கிவைக்க எதுவுமில்லாததால் சிரிப்பும் பாதிதான். முடிவுத் திருப்பமும் அதே அச்சு, பழையதைப் பார்த்தவர்கள் ஊகித்துவிடலாம். இன்னொரு மோசடிக்காரியாக வரும் ஆன் ஹாத்வேயின் மிடுக்கு தேறுகிறது. புளூரே தட்டு வாங்கினால் உறையில் ‘பி’ மண்டலக் குறி (எந்தப் பகுதிக் கருவிகளில் ஓடும் என்று காட்டும் எழுத்து) இருக்கிறதா பாருங்கள். ‘ஏ’ மட்டும் போட்ட அமெரிக்கத் தட்டு இங்கு விற்கும் கருவிகளில் பெரும்பாலும் ஓடாது.