பழைய பொற்காசைப் பார்த்து “நிறம் வெளிறியிருக்கு, மாற்றுக் குறைவு” என்று சொன்னால், காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்

பாட்டி வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு பொற்காசை, உருக்கும் தங்கத்தின் விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு வந்தோம். போனது நானும் அக்காவும். அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. காசு என்ன விலை போகும் என்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினோம். அரை மணி நேரத்தில் விற்றே முடித்துவிட்டோம்.

வாங்கியவர் மூன்று காரணங்கள் சொன்னார். மூன்றும் அப்போது நியாயமாகவே பட்டன. இதே வார்த்தைகளை உங்களிடமும் சொல்லக்கூடும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

காசைத் தராசில் வைத்ததும், “ஒரு சவரன்னா எட்டு கிராம் இருக்கணும். இது 7.95தான் இருக்கு, நல்லா தேஞ்சு போச்சு” என்றார். நாம் பேச்சில் சவரன் என்றால் எட்டு கிராம் என்றுதானே கணக்கு வைத்திருக்கிறோம்? நாங்களும் தலையாட்டினோம். அந்தச் சொல்லே சாவரின் என்ற பிரிட்டிஷ் பொற்காசின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் காசு எட்டு கிராம் இருந்ததே இல்லை. காசு அடிக்கும் அச்சகத்திலிருந்து வெளியே வரும்போதே அதன் எடை 7.988 கிராம்தான். இத்தனை வருடத்தில் 0.04 கிராம்கூட முழுதாகத் தேயாத காசைத்தான் அவர் ‘நல்லா தேஞ்சது’ என்றார்.

அடுத்தது நிறம். எங்களைத் தோற்கடித்தது இதுதான். தன்னிடமிருந்த வேறொரு சவரனை எடுத்து, எங்கள் காசின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அது சிவப்போடிய மஞ்சள். எங்களுடையது வெளிர் மஞ்சள். “பாருங்கம்மா, இது 22 காரட் இல்லை. 20 வந்தாலே அதிகம்.” காசின் விளிம்பை உரைகல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக் கோட்டைக் காட்டினார். கோடும் வெளிறித்தான் இருந்தது. எத்தனை காரட் என்று சோதிக்க அதன்மேல் அமிலத்துளி எதுவும் விட்டுப் பார்க்கவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. 22க்குப் பதில் 20 என்று போட்டதில் பதினொன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று.

கடைசியாக, “பழைய காசுன்னு தனி விலையெல்லாம் கிடையாது, உருக்கத்தான் போறோம்” என்று சொல்லி, உருக்குச் சேதாரமும் கழித்தார்.

விற்கும் முன் அக்கா கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்து, பழைய காசுகள் சேர்க்கும் பழக்கமுள்ள உறவினர் ஒருவரிடம் அதைக் காட்டினோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் வெகுநேரம் பேசவே இல்லை. இலை வளையத்துக்கு நடுவில் ஆஸ்திரேலியா என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் ஒரு கிரீடம், சுற்றிலும் சிட்னி மின்ட், ஒன் சாவரின் என்ற எழுத்துகள். குதிரையில் இருக்கும் புனித ஜார்ஜ் பறக்கும் பாம்பைக் குத்துகிற வழக்கமான சவரன் இல்லை இது.

பிரிட்டனுக்கு வெளியே முதன்முதலில் சவரன் அடித்தது சிட்னி அச்சகம், 1855இல். 1870 வரை அங்கே தங்களுக்கென்று தனி வடிவம் வைத்திருந்தார்கள். 1871இலிருந்துதான் பிரிட்டனின் வடிவத்துக்கே மாறி, ஓர் ஓரத்தில் ‘எஸ்’ என்ற சிறு எழுத்தை மட்டும் சேர்த்தார்கள். எங்களிடம் இருந்தது அந்தப் பதினாறு வருடத்துக் காசு. நிறத்துக்கு வருகிறேன். லண்டன் காசில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், மீதி ஒரு பங்கு செம்பு. அந்தச் செம்புதான் சிவப்பைத் தருகிறது. சிட்னியில் அடித்த ஆரம்பகாலக் காசுகளில் செம்புக்குப் பதில் வெள்ளியைச் சேர்த்தார்கள். தங்கத்தின் அளவு அதேதான், முழு 22 காரட். நிறம் மட்டும் வெளிறும். மட்டம் என்று எங்களுக்குக் காட்டிய அதே வெளிர் மஞ்சள்தான் அது அசல் என்பதற்கு அடையாளம்! இதைக் கேட்ட அன்று இரவு நான் தூங்கவில்லை.

அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் எங்கள் காசை மற்றவற்றோடு போடவில்லை. ஒரு சிறு காகித உறையில் தனியாக வைத்தார். உருக்கப்போகிற தங்கத்தை யார் உறையில் போட்டு வைப்பார்கள்? நாங்கள் திரும்பப் போய்க் கேட்டபோது “அன்னைக்கே உருக்கியாச்சு” என்று மட்டும் சொன்னார். எங்களிடம் இருந்த துண்டுச்சீட்டில் ‘பழைய தங்கம்’ என்றுதான் இருந்தது. காசு என்ற சொல்லே அதில் இல்லை.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. போவதற்கு முந்தின நாள் நான் அதைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பழைய காசைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும். சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கியில் முதலில் தேடுவதே அதைத்தான். உரைகல்லில் இழுத்த விளிம்பும், பதக்கமாக்க வளையம் பற்றவைத்த தடமும் அப்படித்தான் விலையைக் குறைத்துவிடும்.

இப்போது கையில் காசு வைத்திருப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். முதலில் தங்கத்தின் விலையை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். முழு சாவரின் என்றால் அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். அதை அன்றைய 24 காரட் கிராம் விலையால் பெருக்குங்கள். எந்த நிலையிலும் அதற்குக் கீழே பெரிதாக இறங்க வேண்டியதில்லை. போலியா என்ற சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். விட்டம் 22 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். அதே அளவில் பித்தளைக் காசு செய்தால் எடை பாதிகூட வராது. மாற்று பார்க்க வேண்டுமென்றால், கீறாமல் எக்ஸ்-ரே கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அது தனித்தனியாகக் காட்டிவிடும்.

அதற்கு மேல் என்ன கிடைக்கும் என்பது வருடம், அச்சக எழுத்து, தேய்மானம் மூன்றையும் பொறுத்தது. எல்லாப் பழைய காசும் அரிதல்ல. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட பல வருடங்களின் காசுகள் தங்க விலையை ஒட்டித்தான் போகின்றன. ஆனால் அவற்றிலேயே 1917இல் லண்டனில் அடித்தது அரிது. அதே வருடம் மற்ற அச்சகங்களில் அடித்தவை அப்படி இல்லை. ஒரே ஒரு சிறு எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம். விலை தேடும்போது யாரோ கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். “உங்கள் காசுக்குக் கோடி தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்” என்பவர்கள் தனி ரகம். அவர்களிடம் பேச்சே வேண்டாம்.

அப்புறம், காசை எங்கே கொண்டுபோவதற்கு முன்னாலும் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிட்னி காசுகளில் 1855, 1856 இரண்டு வருடத்தவை மிக அரிது. 1857இல் காசிலுள்ள விக்டோரியா அரசியின் தலை வடிவத்தை மாற்றிவிட்டார்கள். அதற்குப் பின் வந்தவை அந்த அளவு அரிதல்ல. வருடம் இருப்பது தலை உள்ள பக்கத்தில். அக்கா எடுத்தது மறுபக்கத்தை. காசில் 1865 என்று இருந்ததாக அவள் சொல்கிறாள். 1856 என்று நான் சொல்கிறேன்.