ஐசிசியின் ஆடுகள மதிப்பீட்டுச் சேவை: ஒரு ரசிகரின் மதிப்புரை

2021 பிப்ரவரியில், இந்தியா – இங்கிலாந்து தொடரின் முதல் இரண்டு டெஸ்டுகளும் சேப்பாக்கத்திலேயே, ஒன்றை அடுத்து ஒன்றாக நடந்தன. முதல் டெஸ்டில் ஜோ ரூட் 218 ரன் குவிக்க, இங்கிலாந்து 578 ரன் எடுத்து, ஐந்தாம் நாளில் 227 ரன் வித்தியாசத்தில் வென்றது. மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகு அதே மைதானத்தின் வேறோர் ஆடுகளத்தில் தொடங்கிய இரண்டாம் டெஸ்டில் பந்து முதல் நாளே தூசியைக் கிளப்பியது, இங்கிலாந்து 134, 164 என்று சுருண்டு 317 ரன் வித்தியாசத்தில் தோற்றது. இதில் பந்து போடவே முடியும், மட்டை பிடிக்க முடியாது என்று இங்கிலாந்தின் முன்னாள் வீரர்கள் சிலர் குறைகூறிக்கொண்டிருந்த அதே மண்ணில்தான் உள்ளூர்க்காரரான அஸ்வின் இரண்டாம் இன்னிங்ஸில் 106 ரன் எடுத்தார். அந்த டெஸ்டுக்குக் குறைந்த அளவில் ரசிகர்களை அனுமதித்தார்கள். சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். ஓர் ஆடுகளம் நல்லதா கெட்டதா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் முளைத்தது. அன்றிலிருந்து சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி நடத்தும் ஆடுகள மதிப்பீட்டைத் தொடர்ந்து கவனித்துவருகிறேன். பிறரை மதிப்பிடுவதே வேலையாகக் கொண்ட ஒரு சேவையை மதிப்பிடுவதில் தனியொரு சுவையும் இருக்கிறது.

சேவையின் நடைமுறை எளிமையானது. ஒவ்வொரு சர்வதேசப் போட்டியும் முடிந்த பிறகு, போட்டி நடுவர் களத்து நடுவர்களிடமும் இரு அணித் தலைவர்களிடமும் கருத்துக் கேட்டு ஆடுகளத்துக்கு ஒரு தரம் வழங்குகிறார். மிக நன்று, நன்று, சராசரி, சராசரிக்கும் கீழ், மோசம், ஆடத் தகுதியற்றது என்று முன்பு ஆறு தரங்கள் இருந்தன. 2018 தொடக்கத்திலிருந்து கடைசி மூன்றுக்கும் முறையே 1, 3, 5 டிமெரிட் (தண்டனைப்) புள்ளிகள் மைதானத்துக்கு விதிக்கப்பட்டன. 2023இன் இறுதியில் இதைச் சுருக்கி, மிக நன்று, திருப்திகரம், திருப்தியற்றது, ஆடத் தகுதியற்றது என்று நான்காக்கினார்கள். திருப்தியற்றது என்றால் 1 புள்ளி, தகுதியற்றது என்றால் 3. ஐந்து ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அந்த மைதானத்தில் 12 மாதங்களுக்குச் சர்வதேசப் போட்டி கிடையாது. முடிவை ஏற்காத வாரியம் 14 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுழலும் ஆடுகளம் என்றாலே குற்றம், உயிரற்ற தட்டையான ஆடுகளம் என்றால் யாருக்கும் கேடில்லை என்ற பழைய பார்வையை இந்தச் சேவை அப்படியே ஏற்கவில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதும் ஆஷஸ் தொடரின் மெல்போர்ன் டெஸ்டில் இங்கிலாந்தின் அலஸ்டர் குக் ஆட்டமிழக்காமல் 244 ரன் எடுக்க, ஐந்து நாளும் ஆடி ஆட்டம் டிராவில் முடிந்தபோது, அந்த ஆடுகளத்துக்கு ‘மோசம்’ என்ற தரமே கிடைத்தது. 2022 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ராவல்பிண்டி தந்த தார்ச்சாலை போன்ற தட்டை ஆடுகளத்துக்கும் ‘சராசரிக்கும் கீழ்’ என்று எழுதினார்கள். பந்துவீச்சாளரின் மனக்குறைக்கும் காது கொடுக்கும் இடம் கிரிக்கெட்டில் அரிது என்பதால், இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

ஆனால் சுற்றுப்பயணம் வரும் அணியின் புகார் உண்மையில் எதைப் பற்றியது? ஆடுகளம் ஆபத்தானது என்பது மிகச் சில வேளைகளில்தான் புகாராக எழுகிறது. எங்களை வீழ்த்துவதற்கென்றே இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலான வேளைகளில் அடிமனத்தில் கிடக்கும் புகார். முதல் வகைக்கு இந்தச் சேவையிடம் அளவுகோல் இருக்கிறது. இரண்டாம் வகையை அது கேட்பதே இல்லை.

தென்னாப்பிரிக்க மட்டையாளர் டீன் எல்கர் என்ற ஒரே மனிதரைப் பின்தொடர்ந்தாலே இது விளங்கும். 2018 ஜனவரியில் ஜோஹன்னஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில், தென்னாப்பிரிக்கா தன் வேகப்பந்து வீச்சாளர்களை நம்பி ஆடிய ஆடுகளத்தில், இந்திய வீரர் பும்ராவின் பந்து எழும்பி எல்கரின் தலைக்கவசக் கம்பியில் மோத, மூன்றாம் நாள் ஆட்டத்தை நடுவர்கள் நிறுத்தினார்கள். ஆட வேண்டும் என்று நின்றது வந்த அணி. தயங்கியது சொந்த மண்ணின் அணி. மறுநாள் எல்கர் ஆட்டமிழக்காமல் 86 எடுத்தும் இந்தியா 63 ரன்னில் வென்றது, ஆடுகளம் ‘மோசம்’ என்று 3 புள்ளிகள் வாங்கியது. 2022 டிசம்பரில் அதே எல்கர் வந்த அணியின் தலைவராக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் காபா மைதானத்தின் பச்சைப் புல்லில் நின்றார். தென்னாப்பிரிக்கா 152, 99 என்று விழுந்து, ஆட்டம் இரண்டே நாளில் முடிந்தது. இது எப்போது ஆபத்தானதாகக் கருதப்படும் என்று களத்திலேயே நடுவர்களிடம் கேட்டதாக அவரே பிறகு சொன்னார். அதற்குக் கிடைத்த தரம் ‘சராசரிக்கும் கீழ்’, ஒரே ஒரு புள்ளி. 2024 ஜனவரியில் தம் கடைசி டெஸ்டில் கேப் டவுனில் அணியை வழிநடத்திய எல்கர் டாஸ் வென்று மட்டை பிடிக்க முடிவெடுத்தார்; இந்தியாவின் சிராஜ் 15 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்க்க, தென்னாப்பிரிக்கா 55க்குச் சுருண்டது. மொத்தம் 642 பந்துகளில் முடிந்த அந்த ஆட்டம்தான் முடிவு கண்ட டெஸ்டுகளிலேயே மிகக் குறுகியது. வென்ற அணித் தலைவர் ரோஹித் சர்மா, இத்தகைய களங்களில் ஆட எங்களுக்கு மறுப்பில்லை, ஆனால் இந்தியாவுக்கு வரும்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அந்த கேப் டவுன் மைதானமான நியூலேண்ட்ஸுக்குத் ‘திருப்தியற்றது’ என்று 1 புள்ளி. வாண்டரர்ஸுக்கு 3, மற்ற இரண்டுக்கும் 1 என்பதை வரிசையாக வைத்துப் பார்த்தால், அளவுகோல் ஒன்றுதானா என்ற ஐயம் எழுவது இயல்பு. இடையில் தர அமைப்பே மாறியது என்பது பாதி விளக்கம் மட்டுமே.

மேல்முறையீட்டில் இந்த ஐயம் இன்னும் வலுக்கிறது. 2023 மார்ச்சில் இந்தூரில் இந்தியா 109, 163 என்று விழ, மூன்றாம் நாள் காலையிலேயே ஆஸ்திரேலியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. போட்டி நடுவர் கிறிஸ் பிராட் ‘மோசம்’ என்று எழுதி 3 புள்ளிகள் விதித்தார். இந்திய வாரியம் முறையிட்டதும், ‘மோசம்’ என்று சொல்லும் அளவுக்குத் துள்ளல் அளவுமீறிச் சீரற்றதாக இல்லை என்று காணொளியைப் பார்த்தவர்கள் முடிவு செய்து, ‘சராசரிக்கும் கீழ்’ என மாற்றி 1 புள்ளியாகக் குறைத்தார்கள். களத்தருகே இருந்து பார்த்தவரின் தீர்ப்பைப் படக்காட்சி திருத்துவதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் மேல்முறையீடு செய்யும் உரிமை உள்ளூர் வாரியத்துக்கு உண்டே தவிர, தரம் போதாது என்று வந்த அணி முறையிட வழியே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் முதன்மையான குறை தண்டனை போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. எவ்வளவு புல் விட வேண்டும், எத்தனை நாளுக்கு முன்பே நீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், எந்த முனையைக் காய விட வேண்டும் என்பனவற்றில் அணி நிர்வாகத்தின் விருப்பம் எவ்வளவு செல்லும் என்பது கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். 2024 அக்டோபரில் முல்தானில் இங்கிலாந்து 823 ரன் அடித்த அதே ஆடுகளத்தைப் பெரிய மின்விசிறிகள் வைத்து உலர்த்தி அடுத்த டெஸ்டுக்கும் பயன்படுத்தினார்கள்; சுழற்பந்து வீச்சாளர்களான நோமன் அலியும் சாஜித் கானும் இருபது விக்கெட்டையும் பகிர்ந்துகொள்ள, பாகிஸ்தான் வென்றது. இந்த முடிவை எடுத்தது முல்தான் மைதானமா? தேர்வுக் குழுவும் அணியும் கேட்டதை மைதானம் செய்து கொடுத்தது. எனினும் புள்ளி விழுந்தால் அது மைதானத்தின் கணக்கில்தான் விழும். சமையல்காரர் சொன்ன அளவில் உப்புப் போட்ட உதவியாளரின் சம்பளத்தில் பிடித்தம் செய்வதைப் போன்றது இது. 2009 டிசம்பரில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் போட்டி 23.3 ஓவரோடு கைவிடப்பட்டபோது டெல்லி கோட்லா மைதானம் ஓராண்டுத் தடை பெற்றது நியாயமே, ஏனெனில் அது தயாரிப்பில் நேர்ந்த தோல்வி. கேட்டு வாங்கிய ஆடுகளத்துக்கும் அதே முறையில் தண்டனை என்பது பொருந்தவில்லை.

அந்தத் தண்டனையாவது உறைக்குமா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தூரில் 2016, 2019, 2023 என்று மூன்று டெஸ்டுகள் நடந்தன. இப்படிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டெஸ்ட் நடத்தும் மைதானம் ஒவ்வொரு டெஸ்டிலும் ‘திருப்தியற்றது’ வாங்கினாலும், ஐந்து ஆண்டுகளில் அவற்றால் சேரும் புள்ளி ஒன்றோ இரண்டோதான்; ஆறு என்ற வரம்பை டெஸ்டால் மட்டும் அது தொடவே முடியாது. மைதானங்கள் பல உள்ள நாட்டுக்கு இந்த விதி ஒரு பொருட்டே இல்லை. ஆண்டுதோறும் டெஸ்ட் நடத்தும் ஒன்றிரண்டு மைதானங்களை நம்பியிருக்கும் நாட்டுக்குத்தான் அது கத்தி.

சீட்டு வாங்குபவருக்குப் பயன் உண்டா என்றால், இல்லை. தரம் போட்டிக்குப் பிறகே வருகிறது. மூன்றாம் நாளுக்கு விடுப்பு எடுத்தவருக்கு அதனால் ஆவதொன்றும் இல்லை.

புகாரை வேரிலேயே தொட்ட ஒரு முயற்சி, ஐசிசிக்கு வெளியே, இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டியான கவுண்டி கிரிக்கெட்டில் நடந்தது. 2016 முதல் 2019 வரை, வந்த அணி விரும்பினால் டாஸ் போடாமலேயே முதலில் பந்துவீசலாம் என்று விதித்தார்கள். புல்லைத் தழைய விட்டால் எதிராளிக்கே லாபம் என்னும்போது உள்ளூர் அணி இயல்பாகவே நிதானிக்கும் என்பது கணக்கு. 2018 மே மாதம் மும்பையில் கூடிய ஐசிசியின் கிரிக்கெட் குழு, அனில் கும்ப்ளே தலைமையில், டெஸ்டில் டாஸைக் கைவிடுவது பற்றி விவாதித்துவிட்டு, டாஸ் ஆட்டத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று அப்படியே விட்டுவிட்டது. புள்ளிகளும் தரங்களும் எத்தனை முறை திருத்தப்பட்டாலும், அந்த விவாதத்தை மீண்டும் திறக்கும் வரை இந்தச் சேவைக்கு ‘சராசரிக்கும் கீழ்’ என்று எழுதவே எனக்குக் கை வருகிறது. அவர்களே ஒழித்துவிட்ட தரம் அது என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.