680 வெள்ளி போச்சு: 'ஜப்பான் ஒரிஜினல்' டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

எனக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (எஞ்சினுக்கு ஸ்பார்க் பிரித்துக் கொடுக்கிற கார் சாமான்) விற்றவன் இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானே விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. 680 மலேசிய வெள்ளி. ஓசிப் பணம் இல்லை, ஓவர்டைம் செய்து சேர்த்த பணம்.

பெயர் சொல்லப் போவதில்லை. புகார் கொடுக்கும்வரை வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் மனைவி. சோபா, கைப்பேசி, பூனைக்கூண்டு என்று எல்லாவற்றையும் ஆட்கள் படம் போட்டு விற்கிற செயலி ஒன்றில் நடந்தது. விற்றவன் தனக்கு ஹாஃப்கட் கடை, அதாவது ஜப்பானில் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டிகளின் சாமான் கடை, இருப்பதாகச் சொன்னவன். இவ்வளவு போதும்.

என் வண்டி 1993 ஹோண்டா சிவிக், ஈஜி என்கிற ரகம், நாலு கதவு. உள்ளே ஹாஃப்கட்டில் வந்த பி16ஏ. ஜப்பானில் விற்ற அந்த எஞ்சின், டர்போ இல்லாமல் வெறும் 1600 சிசியில் 170 குதிரைத்திறன் கொடுத்தது. அதை ஓட்டியவனுக்குத்தான் தெரியும் 5500 ஆர்பிஎம் தாண்டும்போது அது குரலை மாற்றிக்கொள்கிற சுகம். அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை அவஸ்தையும்.

போன மாதம் காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓரத்தில் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பத்துமலைப் பக்கம் நெரிசலில் நிற்கும்போது சூடேறி அப்படியே அணைந்துவிடும். இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். முதலில் மெயின் ரிலே (பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் விடுகிற சுவிட்ச்) என்று நினைத்தோம், அதைக் கழற்றி ஈயம் வைத்தும் பார்த்தோம். இல்லை. செந்தூலில் என் வண்டியைப் பார்க்கும் போமன் (மெக்கானிக்) அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்தார். உள்ளே எண்ணெய், துருப்பொடி. "பியரிங் போச்சு, ஆயில் சீல் போச்சு, சூட்டில் இக்னைட்டரும் போகுது" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஹோண்டாக்களில் டிஸ்ட்ரிபியூட்டர் வெறும் கரண்ட் பிரிக்கிற சாமான் இல்லை. கேம் ஷாஃப்ட்டின் முனையில் மாட்டியிருக்கும் அந்த ஒரே டப்பாவுக்குள் காயில், அதற்குக் கரண்டை விட்டு வெட்டுகிற இக்னைட்டர், ரோட்டர், அதோடு எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மூன்று சென்சார்கள், எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பியரிங் ஆடினால் சென்சார் ஆடும், சென்சார் ஆடினால் ஸ்பார்க் தப்பும். எட்டாயிரம் ஆர்பிஎம் வரை போகிற எஞ்சினில் அந்த ஆட்டத்துக்கு இடமே இல்லை.

போமன் அண்ணன் அன்றே ஒரு வழி சொன்னார். "இதையே பிரித்து பியரிங், சீல், இக்னைட்டர் மாற்றித் தரேன், ஒரு வாரம் கொடு." எனக்குப் பொறுமை இல்லை. வேறு ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று அந்தச் செயலிக்குள் போனேன்.

படத்தில் வெள்ளியாய் மினுங்கியது சாமான். கறுப்பு கேப் புத்தம் புதுசு. 'பாஸ், அடா லாகி?' (இன்னும் இருக்கா?) என்று மலாயில் கேட்டேன். என் பெயரைப் பார்த்திருப்பான் போல, 'இருக்குண்ணே' என்று தமிழில் பதில் வந்தது.

அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

மீதியை அவனே தள்ளினான். நான் கேட்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டான்: "உங்க வயரிங் ஓபிடி0வா ஓபிடி1ஆ? வீடெக் மவுண்ட்தானே? சாக்கெட் படம் அனுப்புங்கண்ணே, தப்பா அனுப்பிட்டா உங்களுக்குத்தான் வீண் செலவு." இப்படி அக்கறையாகக் கேட்பவனை எப்படிச் சந்தேகப்படுவது? ஓபிடி0, ஓபிடி1 என்பவை ஹோண்டா வயரிங்கின் பழைய, புதிய தலைமுறைகள்; வீடெக் என்பது வேகம் ஏறும்போது வால்வு திறப்பை மாற்றுகிற ஹோண்டா ஏற்பாடு. ஓபிடி0 சாக்கெட் ஓபிடி1இல் நேராக ஏறாது, வீடெக் இல்லாத பி18 எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் பி16 ஹெட்டில் போல்ட்டுக்குப் பொருந்தாது. இதெல்லாம் தெரிந்தவன் என்றால் நம்மாளுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தன்னிடமும் ஒரு ஈஜி இருந்தது, கல்யாணத்துக்காக விற்றுவிட்டேன் என்று வாய்ஸ் மெசேஜில் கதை வேறு சொன்னான். கேட்டு எனக்கே பாவமாகிவிட்டது.

ஷாஃப்ட்டை விரலால் சுற்றிக் காட்டும் வீடியோவும் அனுப்பினான். பின்னால் மின்னல் எஃப்எம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பழைய பாட்டு, நானும் ரசித்தேன். பியரிங் சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் ரேடியோ என்பது இப்போதுதான் உறைக்கிறது.

"செயலி வழியாப் போனா கமிஷன் வெட்டுவான், 720 ஆகும். நேரா போட்டீங்கன்னா 680 போதும்ண்ணே." கணக்கில் வேறு பெயர் வந்தது. கேட்டேன். "மச்சான் கணக்குலா, நம்ம பசங்களை நான் ஏமாத்துவேனா?" என்றான். 680 வெள்ளியை அனுப்பிவிட்டேன். நாற்பது வெள்ளி மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்று ராத்திரி வெளியில் போய்ச் சாப்பிட்டோம், அது தனி வெட்கக்கேடு.

மூன்று நாளில் சாமான் வந்தது. போமன் அண்ணன் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார், "ஸ்ப்ரே அடிச்சிருக்கான் தம்பி." நான்தான் மாட்டுங்கள் என்று அவசரப்படுத்தினேன். டைமிங் லைட் வைத்து ஸ்பார்க் விழும் நேரத்தை 16 டிகிரிக்குச் சரிசெய்து, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலிருந்து ஹெட் வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். அவர் வழக்கம் அது, பின்னால் கழற்றி மாட்டினால் அதே இடத்தில் வைக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கோடு தொடங்கும் நுனியில் சின்னதாய் ஒரு கொக்கி வளைவு, அவர் கை அப்படி.

முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் நாள் ஐயாயிரத்தைத் தாண்டினால் திக்கியது. மூன்றாம் நாள் டியூக் நெடுஞ்சாலையில், வேலைக்குப் போகிற நேரத்தில், வலது தடத்தில், செத்துப்போனது. பின்னால் லாரி ஹாரன். நான் எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை. இழுவை வண்டிக்கு 150.

சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் செய்து பார்த்தால் செக் எஞ்சின் விளக்கு நாலு முறை சிமிட்டியது: மூன்று சென்சாரில் ஒன்றான கிராங்க் சென்சாரில் கோளாறு. மீட்டர் வைத்தால் 350இலிருந்து 700 ஓமுக்குள் ஏதாவது காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை, லைன் அறுந்திருந்தது. திறந்து பார்த்தால் பியரிங் ஆட்டத்தில் உள்ளே சுற்றுகிற பல்சக்கரம் சென்சாரில் உரசி அதைச் சீவியிருக்கிறது. டிஇசி என்று தயாரிப்பாளர் முத்திரை போட்ட ஸ்டிக்கர் தின்னர் பட்டதும் மை கரைந்து விரலில் ஒட்டியது. என் பழைய டிஸ்ட்ரிபியூட்டரே இதைவிட நல்ல நிலையில் இருந்தது என்றார் அண்ணன். புது கேப்பும் புது ரோட்டரும் போட்டு, மேலே வெள்ளி ஸ்ப்ரே அடித்த குப்பை. அதற்கு 680 வெள்ளி.

அவனுக்குச் செய்தி போட்டேன். முதல் பதில்: "அனுப்பும்போது ஓகேதான்ண்ணே." இரண்டாவது: "உங்க போமன் தப்பா மாட்டியிருப்பாரு." அது கேம் முனையில் ஒரே விதமாகத்தான் ஏறும், தப்பாக மாட்டவே முடியாது என்று எழுதினேன். "அப்ப வயரிங்தான்." சரி, வயரிங் படம் எல்லாம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் பாஸ் வெளியூர். நீதானே பாஸ் என்றேன். "நான் பார்ட்னர்லா." அதற்கடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? உண்மையாக இருந்தால்?

கடைசியில் அவனே இறங்கி வந்த மாதிரி, "அனுப்புங்கண்ணே, செக் பண்ணி வேற மாத்தித் தரேன்" என்றான். நான், படித்த மனுஷன், கூரியருக்கு 18 வெள்ளி கட்டி அந்தச் சாமானையும் அவனிடமே அனுப்பிவிட்டேன். ஆக இப்போது 680 வெள்ளியும் இல்லை, காட்டுவதற்குச் சாமானும் இல்லை. இன்று காலை பிளாக்.

எப்படி வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, அதனால் சுருக்கமாக. உங்கள் பழையதைப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கையில் பிடித்து, ஷாஃப்ட்டை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்து, கேப்பைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா பார்த்து, கடையிலேயே மூன்று சென்சாரையும் மீட்டரில் அளந்து வாங்குங்கள். வீடியோ அனுப்பினால் ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். செயலிக்கு வெளியே காசு போடாதீர்கள். போடுமுன் கணக்கு எண்ணைப் மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், ஏமாந்தது தெரிந்த நிமிடமே மோசடிப் புகார் எண் 997க்கு அடியுங்கள். நான் நாள் கணக்கில் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டினால் மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு மச்சானின் பெயர்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனைவியின் கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறந்து தேடினேன். புதுப் பெயர், புதுப் படம், 'ஜப்பான் ஒரிஜினல், வீடெக், ஓபிடி1', விலை 650. பெரிதாக்கிப் பார்த்தேன். அவசரத்தில் மறுபடி ஸ்ப்ரே அடிக்க மறந்திருக்கிறான். உடம்பில் வெள்ளைப் பெயின்ட் கோடு, நுனியில் சின்னதாய்க் கொக்கி வளைவு.